கரண்ட் போன சத்தம்

உக்காருங்க சார். அந்தச் சேர் வேண்டாம், அதுக்கு ஒரு கால் ஆடும். எங்களுக்குப் பிடிக்காதவங்க வந்தா மட்டும்தான் அதை இழுத்துப் போடுவோம். நீங்க எந்தப் பக்கம்னு எனக்கு இன்னும் தெரியல. தெரியிற வரைக்கும் இந்தச் சோபாவுலயே இருங்க.

மதினி வீட்டுல இல்ல. ஹார்பருக்குப் போயிருக்காங்க, இப்ப வந்துருவாங்க. நீங்க அவங்க கம்பெனிதான? இளம்பரிதி சார்? பெட்டியையெல்லாம் தூக்கிட்டுப் போக வந்திருக்கீங்க. வாசல்ல டிரைவர் அண்ணாச்சி கயிறும் கையுமா நிக்காரு, ஜன்னல் வழியா பாத்தேன். எனக்கு எப்படித் தெரியும்னு பாக்குதீங்களா? காலையில உங்க மேனேஜர் கிரிதரன் சார் போன் பண்ணும்போது மதினி ஸ்பீக்கர்ல போட்டுட்டு கன்னத்துல கை வச்சு உக்காந்திருந்தாங்க. நான் மாடிப்படியில இருந்தேன்.

"பூங்கோதை, லுக். லெட் மீ பி வெரி க்ளியர். உங்களை நம்பலன்னு இங்க யாருமே சொல்லல. பட், இளம்பரிதி வருவாரு, மொத்த செட்டப்பையும் அவர்கிட்ட ஹேண்டோவர் பண்ணிடுங்க. டேக் சம் ரெஸ்ட்."

அவரோட அந்த மூக்குக் குரல் சரியா வந்துச்சா சார்? சிரிக்கீங்க, அப்ப சரிதான். எனக்கு எல்லாக் குரலும் வரும். ஏலம் போடுற மரியதாஸ் மாமா, பங்குச்சாமியார், ஈ.பி. லைன்மேன், எங்க அம்மா, அண்ணன், ஸ்கூல்ல எட்டு டீச்சர். பங்குச்சாமியார் குரல்ல ஐஸ் கம்பெனிக்குப் போன் போட்டு, திருவிழாவுக்குப் பனி பெய்யணும், ஒரு லோடு அனுப்புங்கன்னேன். அனுப்பிட்டாங்க சார்! மாதா கோயில் வாசல்ல ஐஸ் உருகி ஓடுது, சாமியார் செருப்பைக் கையில பிடிச்சிட்டு நிக்காரு. அன்னைக்கு அம்மா என்னை அடிச்சா. மதினி மட்டும் மாடிக்குக் கூட்டிட்டுப் போயி, கதவைச் சாத்திட்டு, "எங்கே கண்ணு, அந்தச் சாமியாரு எப்படிச் சொன்னாரு, இன்னொருக்கா சொல்லு"ன்னு கேட்டுக் கேட்டு வயித்தைப் பிடிச்சுட்டுச் சிரிச்சாங்க. இந்த வீட்டுல எனக்குச் சிரிக்கிற ஒரே ஆள் அவங்கதான் சார்.

இப்பச் சிரிக்கிறதில்ல. அதுதான் விஷயம்.

சார், பெட்டியைத் தூக்கிராதீங்க. நான் சொல்லுறதை முழுசாக் கேட்டுட்டு அப்புறம் தூக்கணும்னா தூக்குங்க. 'டேக் சம் ரெஸ்ட்'னா வேலை போயிருச்சுன்னு அர்த்தமாம், மதினி சொன்னாங்க. அம்மா சும்மா இருப்பாளா? "போதும் இந்தப் பெட்டியைக் கட்டி அழுதது. கிளாட்வின் கப்பல்ல இருந்து இறங்குற வரைக்கும் அவ பொள்ளாச்சியில அவ அம்மா வீட்டுல போயி இருக்கட்டும்." கிளாட்வின் எங்க அண்ணன். மதினி ஒரு வார்த்தை எதுத்துப் பேசியிருக்கலாம்ல? பரண்ல இருந்து பேகை இறக்கித் தூசி தட்டிட்டாங்க. இனிமே இந்த வேலையே வேண்டாமாம். "எனக்கு என் கண்ணு மேலயே நம்பிக்கை போயிருச்சு ஜெசி"ன்னாங்க. எங்க மதினி சார்! அண்ணன் சொல்லும், காலேஜ்ல பிள்ளைகளுக்குப் புரியாதது எல்லாம் புரிஞ்ச ஒரே ஆள் இவங்கதானாம். 

பெட்டியைப் பத்தி உங்களுக்குத் தெரியும். ஆனா எனக்கும் தெரியும்னு உங்களுக்குத் தெரியாதே, அதுக்காகச் சொல்லுதேன். மீன் பிடிக்கிற போட்டுல மாட்டுற பெட்டி. போட்டு போற வழியை, பிடிச்ச மீனை எல்லாம் குறிச்சு வச்சுக்கும். கடலுக்குள்ள இஞ்சினை அணைச்சா கரண்ட் சடார்னு போகும். திரும்ப வந்ததும் பெட்டி எந்திரிச்சு, "எல்லாம் பத்திரமா இருக்கு"ன்னு சொல்லும். உள்ள போயிப் பாத்தா இன்னைக்குப் போன வழி இருக்க வேண்டிய இடத்துல போன வாரத்துச் சாளைக் கணக்கும் நெத்திலிக் கணக்கும் கிடக்கும். வழி போச்சு. அதுகூடப் பரவாயில்ல, போச்சுன்னு சொல்லித் தொலையலாம்ல? சொல்லாது. எல்லாம் இருக்குன்னே சாதிக்கும்.

மதினி எனக்கு எப்படிச் சொல்லித் தந்தாங்க தெரியுமா? "ஜெசி, உங்கூரு ஹார்பர்ல மீனை ஐஸ்பெட்டிக்குள்ள வச்சு மூடுனதுக்கு அப்புறந்தானே மூடி மேல சாக்பீஸ்ல எழுதுவாங்க? எழுத்தை முதல்ல எழுதிட்டு மீன் இன்னும் தரையிலயே கிடந்தா? அந்நேரம் பார்த்து ஒரு லாரி வந்து பெட்டியைத் தூக்கிட்டுப் போயிட்டா? போற எடத்துல எழுத்து இருக்கும், மீன் இருக்காது." அவ்வளவுதான் சார். முதல்ல மீன், அப்புறம் எழுத்து. இந்த வரிசை எங்கேயோ மாறுது. பெட்டிக்குள்ள எல்லாத்தையும் ஏவுற புரோகிராம் இருக்கே, கெர்னல், அது மாத்துதா, இல்ல அது சொல்லுறதை எழுதி வைக்கிற டிஸ்க் மாத்துதா, அதைத்தான் கண்டுபிடிக்கணும்.

மதினிக்கு முதல்ல இருந்தே டிஸ்க் மேலதான் சந்தேகம். கெர்னல் கேக்குமாம், "மீனை வச்சாச்சா?" டிஸ்க் சொல்லுமாம், "வச்சாச்சு, வச்சாச்சு." ஆனா மீனைக் கையிலயே பிடிச்சுக்கிட்டு நிக்குமாம்! கரண்ட் போனா கையில இருந்தது போச்சு. செய்யாததைச் செஞ்சாச்சுன்னு வாய் கூசாமச் சொல்லுற ஒரு பொருளை என்ன பண்றது சார்? நான் அதுக்கு ஒரு குரலே வச்சிருக்கேன், "வச்சாச்சுங்க்கா, வச்சாச்சுங்க்கா". எனக்குக் கோவமா வரும். இப்படி ஒரு பொய்க்காரனை நம்பி ஒருத்தர் வேலை பாக்கணுமா?

சந்தேகம் போதாதுல்ல, காட்டணும். அதுக்குக் கரண்ட்டைக் கட் பண்ணிக் கட் பண்ணிப் பாக்கணும். தானாக் கட் பண்ணுற சுவிட்ச் ஒண்ணு அனுப்புதோம்னு உங்க ஆபீஸ்ல சொன்னாங்க. "ஆன் தி வே, பூங்கோதை, ஆன் தி வே." எந்த வழியில வருதுன்னு தெரியல, இன்னும் வந்து சேரல. அதனால நான்தான் சுவிட்ச்.

ஆமா சார், நானேதான். மாடியில தகரக் கூரை, பெட்டியை அங்க வச்சா சூட்டுல செத்துப் போகும். நெட் மாடியில மட்டும்தான் கிடைக்கும். அதனால பெட்டி இங்க கீழ, மதினி மேல, நடுவுல படி வழியா அந்த நீல நெட் ஒயர். பிளக் பாயிண்ட் எங்கேன்னு பாத்தீங்களா? பிரிட்ஜுக்குப் பின்னாடி. நான் கையை நுழைச்சுப் புடுங்கணும். புடுங்குன உடனே பெட்டி கத்தும். உள்ள கத்துறதுக்குன்னே ஒரு சின்ன பேட்டரி இருக்கே, கரண்ட் போனா அது ஊளையிடும். அந்தச் சத்தம் மாடிக்குக் கேக்கும், மதினி மேல இருந்து "சரி கண்ணு"ன்னு ஒரு குரல் குடுப்பாங்க. நான் திரும்பச் சொருகணும். பெட்டி எந்திரிச்சுத் தன்னையே சோதிச்சுப் பாக்கும். வரிசை ஒழுங்கா இருந்தா பெட்டி விளக்குலயும் மதினி ஸ்கிரீன்லயும் பச்சை, இல்லன்னா சிவப்பு. அப்புறம், "அடுத்தது." திரும்பப் புடுங்கணும்.

முதல் வாரம் சிவப்பு வந்துச்சு சார்! நெசமா வந்துச்சு. எப்பவுமே வராது, நாலஞ்சு தடவைக்கு ஒண்ணு வரும். வந்த அன்னைக்கு மதினி படியில ரெண்டு ரெண்டா இறங்கி வந்து என் கன்னத்தைக் கிள்ளுனாங்க. அப்புறம்தான் கெர்னலுக்குள்ள உளவு வரிகளைப் போட்டாங்க. ஒவ்வொரு எழுத்தும் எப்ப கிளம்புது, எப்ப "வச்சாச்சு"ன்னு பதில் வருதுன்னு எல்லாத்தையும் படம் பிடிக்கிற மாதிரி. "இதோட ஒரே ஒரு சிவப்பு வந்தாப் போதும் கண்ணு, ஆளைக் கையும் களவுமாப் புடிச்சுரலாம். ஆனா நெறையத் தடவை பண்ணணும், சலிச்சுக்காதே"ன்னாங்க.

அன்னையில இருந்து சிவப்பே வரல சார்.

பச்சை. பச்சை. பச்சை. மதினி உளவு வரிகளைப் பாதியாக் குறைச்சாங்க. பச்சை. உளவு பாக்குறதாலயே கெர்னல் மெதுவாகி, அந்தத் தப்பு நேரம் கிடைக்காம ஒளிஞ்சுக்குதுன்னாங்க. சரி, வரியையெல்லாம் எடுத்துட்டுப் பழைய மாதிரியே வச்சாங்க. அப்பவும் பச்சை! அன்னைக்குத்தான் மதினி முகம் செத்துப் போச்சு. முதல்ல வந்தது எப்படி வந்துச்சு, இப்ப எங்க போச்சு? கிரிதரன் சாருக்குப் பரம சந்தோஷம். "க்ரேட், பூங்கோதை! ப்ராப்ளம் சால்வ்ட். கையெழுத்துப் போடுங்க, எல்லா போட்டுலயும் மாட்டிரலாம்." மதினி மாட்டேன்னுட்டாங்க. "எப்படிப் போச்சுன்னு தெரியாம எப்படிங்க சார் போடுறது? போட்டுல போறவங்களுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?" அதுலதான சார் உங்க ஆளுங்களுக்குக் கோவம்? தப்பும் கண்டுபிடிக்கல, தப்பு இல்லன்னும் ஒத்துக்க மாட்டேங்குறான்னு.

அப்புறம் பாக்கச் சகிக்கல. சோறு வச்சா வச்ச இடத்துலயே காயும். படியில உக்காந்து, "முதல் வாரம் சிவப்பைப் பாத்தமில்ல ஜெசி? நீயும் பாத்தியில்ல?"ன்னு கேப்பாங்க. "பாத்தேன் மதினி, மாதா மேல சத்தியமா." கொஞ்ச நேரம் கழிச்சுத் திரும்பவும் அதையே கேப்பாங்க. நான் எத்தனை குரல் போட்டேன் தெரியுமா? கிரிதரன் சார் கிணத்துக்குள்ள விழுந்த மாதிரி, அம்மா இங்கிலீஷ் பேசுற மாதிரி. ம்ஹும். உதடுகூட அசையல. நேத்து திடீர்னு, வீட்டுக் கரண்ட் ரொம்பச் சுத்தமான கரண்ட், போட்டுக் கரண்ட்லதான் தப்பு வரும்போலன்னு சொல்லிட்டு, ஒரு பெட்டியை ஸ்கூட்டர்ல வச்சுக் கட்டிக்கிட்டு ஹார்பருக்குப் போனாங்க. வெயில்ல அந்த டீசல் நாத்தத்துல நின்னு, ஆம்பளைங்ககிட்ட எல்லாம், "அண்ணா, ஒரு தடவை இஞ்சினை அணைச்சுப் போடுறீங்களா"ன்னு கெஞ்சிக்கிட்டு. எவன் போடுவான்? இன்னைக்கும் போயிருக்காங்க. நீங்க வாறதுக்குள்ள ஒரு சிவப்பாவது கொண்டு வந்துரணும்னு.

சோதனை ஒழுங்கா நடக்கலன்னு மட்டும் சொல்லிராதீங்க சார். என்னை மாதிரி யாரும் உழைச்சிருக்க முடியாது. நெறையத் தடவை வேணும்னு மதினி சொன்னாங்களா, நான் எவ்வளவு வேகம் புடிச்சேன் தெரியுமா? புடுங்கிப் புடுங்கிச் சொருகுனா நேரம் ஆகுதுல்ல? அந்த பாயிண்ட் வேற லூசு, சடக்குன்னு பொறி பறக்கும், ஒரு தடவை விரல்ல சுள்ளுன்னு இழுத்துருச்சு. பிரிட்ஜும் சேந்து அணையும். "ஏட்டி, வஞ்சிரம் நாறிப் போச்சு, நீயா வாங்கித் தருவ?" அது அம்மா. அதனால நானே ஒரு வழி கண்டுபிடிச்சேன். இந்தா, பெட்டி முன்னாடி ஊசித் துளை மாதிரி ஒண்ணு இருக்குல்ல, 'ரீசெட்'னு எழுதி? அதுல ஹேர்பின்னை விட்டு ஒரு அமுக்கு. அவ்வளவுதான். விளக்கெல்லாம் அணைஞ்சு திரும்ப வரும். ரெண்டும் ஒண்ணுதான? பிரிட்ஜும் அணையாது, பொறியும் பறக்காது. 

என்ன சார்?

இல்ல, பிளக்கைப் புடுங்கல. எதுக்குப் புடுங்கணும்? அதான் சொன்னேன்ல, விளக்கு அணையுது, வருது.

சத்தமா? ஆமா, ரீசெட் பண்ணுனா பெட்டி கத்தாதுதான். அதைத்தான நான் சமாளிச்சேன்! கேளுங்க.

கீஈஈஈஈ... ஙீஈஈஈ... ஈங்!

கடைசியில பூனை வாலை மிதிச்ச மாதிரி ஒரு இழுப்பு வருது பாத்தீங்களா, அதை மட்டும் முதல் வாரமே ரெண்டு நாள் பழகி வச்சிருந்தேன். மாடியில இருந்து உடனே "சரி கண்ணு"! ஒரு தடவைகூடச் சந்தேகம் வரல சார். என்னோட எல்லாக் குரல்லயும் இதுதான் பெஸ்ட், ஆனா யாருக்கும் சொல்ல முடியாத பெஸ்ட். முதல்ல உங்ககிட்டத்தான் சொல்லுதேன்.

எப்ப இருந்தா? உளவு வரி போட்ட அன்னையில இருந்து. அதுக்கு அப்புறம் எல்லாமே ஹேர்பின்தான். 

ஏன் சார் தலையில கை வைக்கீங்க? தலைவலியா? சுக்குக் காப்பி போட்டுத் தரட்டா?

லேப்டாப்பை எதுக்குத் திறக்கீங்க? ஓ, இங்கேயே இருந்து பாக்கப் போறீங்களா? நல்லது. எடுத்துட்டுப் போகாம இங்கேயே பாக்குறதுதான் நல்லது. நீல ஒயரா? இந்தாங்க. ஹேர்பின் ரெடி. வேண்டாமா? பிளக்கைத்தான் புடுங்கணுமா? அம்மா கோயில்ல இருக்கா, வஞ்சிரமும் இல்ல, சரி உங்களுக்காக. இருங்க, கை நுழையணும்... ஆங்... சடக்!

கத்துது பாருங்க. என்னோடதுல இன்னும் கொஞ்சம் உயிர் இருக்கும், இது தட்டையா இருக்கு. சொருகிட்டேன் சார். மெதுவாத்தான் எந்திரிக்கும். பச்சை. நான் சொல்லல? இன்னொரு தடவையா? ...சடக்! ...பச்சை. உங்களுக்கும் மதினி பிடிவாதம் இருக்கு சார். சரி, இந்தா... சடக்!

சார்.

சார், சிவப்பு! சிவப்பு வந்துருச்சு சார்! அங்க பாருங்க, சாளை, நெத்திலி, சாளை! வழி இருக்க வேண்டிய இடத்துல! மதினி தேடுன சிவப்பு! ஐயோ, என்ன கைராசி சார் உங்களுக்கு! வந்து உக்காந்து அரை மணி ஆகல! மதினி எத்தனை நாளாத் தவம் கிடந்தாங்க! அந்தச் சேரை நான் உங்களுக்குப் போட்டிருக்கவே மாட்டேன் சார், சத்தியமா!

இப்ப ஹேர்பின்னா? சரி. அமுக்குதேன். பச்சை. இன்னொரு தடவை. பச்சை. நான் அமுக்குனா எப்பவுமே பச்சைதான், என் கை ராசி அப்படி. திரும்பப் பிளக்கா? எதுக்கு சார் மாத்தி மாத்தி... சடக்! ...சிவப்பு.

மெதுவாச் சொல்லுங்க சார். எனக்குப் புரியல. ரீசெட் பண்ணுனா கெர்னல்தான் சாகும். சரி. டிஸ்குக்குக் கரண்ட் போறதே இல்ல. சரி. அதனால கையில பிடிச்சிருந்த மீனை அது நிதானமா... உள்ள வச்சுரும். பெட்டி எந்திரிச்சு வந்து பாக்கும்போது எல்லாம் சரியா இருக்கும். எப்பவுமே சரியா இருக்கும்.

எப்பவுமேவா சார்?

அப்ப நான் கத்துனப்ப எல்லாம் கரண்ட் போகவே இல்ல. மதினி மேல உக்காந்து, போகாத கரண்ட்டுக்கு... 

இல்ல சார். இல்ல, இருங்க. அவங்க படியில உக்காந்து கேட்டாங்களே, நீயும் பாத்தியில்லன்னு. நான் சத்தியம் பண்ணிட்டு, திரும்ப வந்து ஹேர்பின்னை எடுத்தேன்.

ஸ்கூட்டர் சத்தம். மதினிதான். சார், சார், உங்களைக் கும்பிடுதேன், உங்க கைராசின்னே சொல்லிருங்க. ஒயர் லூசுன்னு சொல்லுங்க. ஈ.பி.க்காரன் ஏதோ பண்ணிட்டான்னு சொல்லுங்க, அவன் குரல்ல வேணும்னா நானே பேசுதேன். ஏன் சார் இப்படிப் பாக்குதீங்க? எழும்பாதீங்க. சரி, எழும்புங்க. பெட்டியைத் தூக்க மாட்டீங்கல்ல? அதை மட்டும் சொல்லுங்க. தூக்க மாட்டீங்கல்ல? மதினிதான இதை முடிக்கணும்? தலையை ஆட்டுனீங்க, பாத்துட்டேன். அது போதும் சார். அது போதும்.

வாங்க மதினி. சார் வந்திருக்காங்க. போட்டுல ஒண்ணும் வரலையா? பரவாயில்ல மதினி, பெட்டியைக் கீழ வைங்க, முதல்ல தண்ணி குடிங்க. என்ன வெயில். அங்க, சார் லேப்டாப்பைப் பாருங்க. சிவப்புதான் மதினி. நெசமாத்தான். ரெண்டு தடவை வந்துருச்சு. நீங்க சொன்னதுதான், டிஸ்க்தான், உங்க கண்ணு ஒரு தப்பும் பண்ணல. எப்படியா? சார்கிட்ட கேளுங்க. சார், சொல்லுங்க சார். ஏன் சார் என்னையே பாக்குதீங்க?

எந்தக் குரல்ல சொல்லட்டும் மதினி? சார் குரல்ல சொல்லட்டா? இருங்க. திரும்பாதீங்க. இங்க பாக்காம, அந்த ஸ்கிரீனையே பாத்துட்டு இருங்க.

கீஈஈஈஈ... ஙீஈஈஈ... ஈங்!

கேட்டீங்களா சார்? திரும்பாமலே, தன்னால, "சரி கண்ணு, அடுத்தது"ன்னுட்டாங்க.

இப்பத் திரும்புதாங்க. பிளக்கைப் பாக்குதாங்க. அது சொருகித்தான் இருக்கு மதினி. பிரிட்ஜும் ஓடுது. ஆமா, இது ஹேர்பின். உங்களோடதுதான், டிரெஸ்ஸிங் டேபிள்ல இருந்து எடுத்தேன். நெறையத் தடவை வேணும்னு சொன்னீங்களே மதினி. அடிங்க. அம்மா மாதிரி ஒண்ணு போடுங்க. ஏதாவது சொல்லுங்க.

சார், சிரிக்கிறாங்க! மதினி சிரிச்சிட்டாங்க! சாமியாருக்குச் சிரிச்ச மாதிரியே வயித்தைப் பிடிச்சுக்கிட்டு... கீழ உக்காந்துட்டாங்க. மதினி? இது நல்ல சிரிப்புதான மதினி? கண்ணைத் தொடைங்க. போதும் மதினி. மதினி, போதும். சார், நீங்க சொல்லுங்க சார், நிறுத்தச் சொல்லுங்க. எத்தனையோ சிரிப்பு எனக்கு வரும். இது என்ன சிரிப்புன்னு எனக்குத் தெரியல சார்.